தந்திரமா, அளாப்பா? கொழும்பில் முதல் தடவை கூடைப்பந்து அணி இறக்குபவர்களுக்கு

அலுவலக அணியோ, பழைய மாணவர் அணியோ, வெள்ளவத்தைப் பக்கத்துப் பொடியன்கள் சேர்ந்து போட்ட அணியோ, எதுவாக இருந்தாலும் கொழும்பில் முதல் தடவையாக ஒரு அணியைப் போட்டிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். பந்தைத் தட்டவும் எறியவும் சொல்லித்தர இங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த விளையாட்டில் ஊறியவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். ஆனால் "இதுவரைக்கும் செய்யலாம், இதற்கு மேல் செய்யக் கூடாது" என்ற கோட்டை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நான் எங்கள் அலுவலக அணியின் மனேஜராக அலைந்த காலத்தில் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி இந்தக் கோடு தெரியாததால் வந்தவை. ஒரு பக்கம் "அது மூளை மச்சான்" என்கும், மறுபக்கம் "அளாப்பு" என்கும், மெட்ச் முடிந்து தேத்தண்ணீர்க் கடை வரைக்கும் வாக்குவாதம் போகும். நல்ல விளையாட்டுக்காரர்கள் சிலர் இந்தக் கசப்பிலேயே ஒதுங்கிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

நான் பிடித்துக்கொண்ட அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வது எதிரணியின் கண்ணுக்குத் தெரிகிறது, பதிலுக்குச் செய்ய அவர்களுக்கும் வழி இருக்கிறது, விதிப்புத்தகம் அதற்கொரு விலை வைத்திருக்கிறது, அந்த விலையைக் கொடுக்கத் தயாராகத்தான் செய்கிறீர்கள் என்றால் அது தந்திரம். நடுவரையோ மேசையில் இருப்பவரையோ ஏமாற்றினால்தான் பலிக்கும், அல்லது எதிராளியின் உடம்பில் காயம் பட்டால்தான் பலிக்கும் என்றால் அது அளாப்பு. கீழே வருவதெல்லாம் இந்த அளவுகோலை எங்கே, எப்போது, எந்தக் காகிதத்தோடு பிடிப்பது என்பது பற்றித்தான்.

1. எந்த விதி என்று எழுத்தில் வாங்குங்கள்

பதிவுப் பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, எந்த விதிப்புத்தகம் என்பது. இங்கே நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளைத்தான் பின்பற்றுகின்றன. 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பு ஃபிபாவின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், ஒரு சதமும் செலவில்லை. அதோடு விதிகளுக்கான அதிகாரபூர்வ விளக்கங்கள் என்று இன்னொரு கோப்பும் இருக்கும், அதையும் இறக்கிக்கொள்ளுங்கள். "அப்படி நடந்தால் என்ன, இப்படி நடந்தால் என்ன" என்று உதாரணம் உதாரணமாகப் போட்டிருப்பார்கள், உண்மையில் அதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

இரண்டாவது காகிதம் அந்தப் போட்டிக்கென்றே போட்ட விதிகள். நேரம் நிற்காமல் ஓடுமா, 24 செக்கன் கடிகாரம் (பந்து கிடைத்த அணி அதற்குள் கூடைக்கு எறியவேண்டும்) இருக்குமா, யார் யார் விளையாடத் தகுதி, முறைப்பாட்டுக்கு எவ்வளவு வைப்புப் பணம், புள்ளி சமமானால் எப்படிப் பிரிப்பது. வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். வட்ஸ்அப் செய்தியாக என்றாலும் எழுத்தில் வரவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் பொடியன்கள் பார்ப்பது அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ., விளையாடுவது ஃபிபா. அங்கே ஆறு ஃபவுலில் வெளியே, இங்கே ஐந்திலேயே வெளியே. அங்கே கால்பகுதிக்கு 12 நிமிடம், இங்கே 10. தொலைக்காட்சியில் பார்த்த தந்திரத்தை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் நடுவர் கையைத் தூக்கிவிடுவார், பிறகு "அங்கே இப்படித்தானே செய்கிறார்கள்" என்று கேட்டுப் பயனில்லை.

2. பெயர்ப்பட்டியல்

அளாப்பு பந்தைத் தொடுவதற்கு முன்பே தொடங்கும் இடம் இதுதான். அலுவலகப் போட்டிகளில் வேறு கம்பனியில் வேலை செய்யும் நல்ல விளையாட்டுக்காரர் ஒருவரை "நேற்றுத்தான் சேர்ந்தார்" என்று கொண்டுவந்து நிறுத்துவதைத் தந்திரம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு எதிரணியால் பதில் செய்யவே முடியாது, பிடிபட்டால் முழுப் போட்டியும் போகும். உங்களுடைய ஆட்களின் தகுதியை நீங்களே சரிபார்த்து ஒரு கோப்பு வைத்திருங்கள்: ஒவ்வொருவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதி, நிறுவனத்தின் சேவைக் கடிதம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம் தெரியும் ஏதாவது ஒரு ஆவணம். வயதுப் பிரிவு என்றால் பிறப்புச் சான்றிதழ். சேவைக் கடிதத்தை மெட்ச் கிழமையில் போய்க் கேட்காதீர்கள், மனிதவளப் பிரிவில் கையெழுத்துப் போடுபவர் அன்றைக்குத்தான் லீவில் இருப்பார். இரண்டு கிழமை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். ஃபிபா விதிப்படி மெட்ச் தொடங்க 40 நிமிடத்துக்கு முன் பெயரும் இலக்கமும் எழுதிய பட்டியல் மேசைக்குப் போகவேண்டும், 12 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 10 நிமிடத்துக்கு முன் கோச் அதைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்து முதல் ஐந்து பேரைக் குறிக்கவேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் பிந்தி வருபவரும் விளையாடலாம், ஆகவே வருவாரா மாட்டாரா என்று சந்தேகம் உள்ளவரின் பெயரையும் இடம் இருந்தால் போட்டுவிடுங்கள். இது முழுக்க நியாயமானது.

குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து பேரைக் களத்தில் இறக்க முடியாவிட்டால் 20க்கு 0 என்று தோல்வி எழுதுவார்கள், தரவரிசைப் பட்டியலிலும் அந்த மெட்ச்சுக்குப் பூச்சியம் புள்ளிதான். வெள்ளிக்கிழமை மாலை காலி வீதியில் அகப்பட்டு சுகததாச உள்ளரங்குக்கு வந்து சேர்வது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். எதிரணி அப்படி அகப்பட்டிருக்கும்போது 15 நிமிடம் முடிந்த கணத்தில் வெற்றியை எழுதச் சொல்வது விதிப்படி சரிதான். எங்கள் அணியில் அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். நேரம் பற்றிய முடிவு ஏற்பாட்டாளருடையது, ஆனால் அவர் கேட்டால் "காத்திருக்கிறோம்" என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. மற்ற அணிகளும் பிறகு எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

3. கடைசி நிமிட ஃபவுல்

அதிகம் சண்டை வருவது இதில்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் நான்கு புள்ளி பின்னால், 50 செக்கன்தான் இருக்கிறது, பந்து அவர்களிடம். சும்மா விட்டால் 24 செக்கனைத் தின்றுவிட்டு எறிவார்கள். ஆகவே வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்துகிறீர்கள். முதல் தடவை இதைப் பார்க்கும் அலுவலகத்து ஆட்கள் "இது என்ன விளையாட்டு" என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் இது தந்திரம்தான். எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது, விலையும் தெரியும்: ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டினால் ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று கூடைக்கு எறியும் வாய்ப்பு. அவர்கள் இரண்டையும் போட்டால் உங்கள் கணக்குப் பிழைக்கும். பதில் அவர்களுடைய கையிலேயே இருக்கிறது.

கோடு எங்கே விழுகிறது என்றால், பந்தை விளையாட முயன்றீர்களா என்பதில். பந்தைப் பார்த்துக் கையை நீட்டி, அது கையில் பட்டு ஃபவுல் ஆனால் சாதாரண ஃபவுல். பந்தைப் பார்க்கவே இல்லை, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தீர்கள், டீஷேர்ட்டைப் பிடித்து இழுத்தீர்கள், தனியாகக் கூடையை நோக்கி ஓடுபவரைப் பின்னாலிருந்து தள்ளினீர்கள் என்றால் அது விளையாட்டுணர்வற்ற ஃபவுல். நடுவர் ஒரு கையால் மறுகையின் மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்துவார், அந்தச் சைகையை உங்கள் ஆட்கள் எல்லோரும் அடையாளம் தெரிந்து வைத்திருக்கவேண்டும். எறியாத ஆளுக்கு அது நடந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதற்குப் பிறகு பந்தும் அவர்களுக்கே. இரண்டு தடவை வாங்கினால் மெட்ச்சிலிருந்தே வெளியே. ஒன்று விளையாட்டுணர்வற்ற ஃபவுல், ஒன்று டெக்னிக்கல் (ஆளோடு மோதாமல் நடத்தையால் வாங்கும் ஃபவுல்) என்று சேர்ந்தாலும் வெளியேதான்.

ஒரு மெட்ச்சில் பார்த்தது. எங்கள் காட் (பந்தை முன்னே கொண்டுபோகும் ஆள்) ஒருவர், மெலிந்த பொடியன், பந்தை வைத்திருந்தவருக்கு முன்னால் போய், குனிந்து, வலது கையைப் பந்துக்கும் அவருடைய வயிற்றுக்கும் நடுவில் விட்டார். விசில். சாதாரண ஃபவுல். அடுத்த முறை அதே இடத்தில் இன்னொருவர் இரண்டு கையாலும் ஆளை அணைத்துக்கொண்டு சிரித்தார், பந்து எங்கே என்றே பார்க்கவில்லை. நடுவரின் கை தலைக்கு மேல் போனது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான், கடிகாரத்தை நிறுத்துவது. ஒன்றில் எதிராளி பந்தைக் காப்பாற்றித் தப்பியிருக்கலாம், மற்றதில் அவருக்கு வழியே இல்லை. ஆகவே பயிற்சியில் "ஃபவுல் செய்" என்று சொல்லாதீர்கள். "பந்தைப் பிடுங்கு, பிடுங்கும்போது ஃபவுல் வந்தால் வரட்டும்" என்று சொல்லிப் பழக்குங்கள்.

இன்னொரு பொறி, 2022 பதிப்பிலிருந்து இருக்கிறது, இங்கே பலருக்கு இன்னும் தெரியாது. நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில், அல்லது மேலதிக நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில், கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியப்போகும்போது, பந்து இன்னும் நடுவரின் கையிலோ எறிபவரின் கையிலோ இருக்கையிலேயே களத்தில் உள்ள ஒருவரை நீங்கள் ஃபவுல் செய்தால் அவருக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே திரும்பும். ஒரு செக்கனும் ஓடாமலேயே இரண்டையும் இழப்பீர்கள். பந்து உள்ளே வந்த பிறகு தொடுங்கள்.

ஃப்ரீ த்ரோ போட வராதவரைத் தேடித்தேடி ஃபவுல் செய்வது? பந்து அவருடைய கையில் இருக்கும்போது பந்தைத் தேடிப் போனால் சரி, அவர் ஃப்ரீ த்ரோ பழகட்டும். பந்து மறுபக்கம் இருக்கும்போது மூலையில் நிற்கும் அவரைப் போய்ப் பிடிப்பது பந்து விளையாட்டே இல்லை. ஃபிபா விதியில் அதை விளையாட்டுணர்வற்றது என்று ஊதலாம். என்.பி.ஏ.யிலேயே இதைக் கட்டுப்படுத்த விதியை இறுக்கவேண்டி வந்தது.

மூன்று புள்ளி முன்னால் இருக்கும்போது, எதிரணி மூன்று புள்ளி எறிவதற்கு முன்பே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோவோடு முடிப்பதும் என் கணக்கில் தந்திரம். ஆனால் எறியத் தொடங்கிவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. பழகாத அணி செய்யவேண்டாம்.

4. விழுந்து நடிப்பது

தொடாமலேயே "ஆ" என்று கத்திக்கொண்டு பின்னால் விழுவது. இது முழுக்க நடுவரை ஏமாற்றினால் மட்டுமே பலிப்பது, ஆகவே எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நடுவர் முன்னங்கையை இரண்டு தடவை தூக்கிக் காட்டினால் எச்சரிக்கை என்று அர்த்தம். திரும்பவும் செய்தால் டெக்னிக்கல், ஒரு ஃப்ரீ த்ரோ. எச்சரிக்கை விழுந்ததும் கோச் அதை முழு அணிக்கும் சொல்லவேண்டும்.

அதே நேரம், எதிராளி வரும் பாதையில் முன்கூட்டியே காலை ஊன்றி நின்று நெஞ்சில் மோதலை வாங்குவது நடிப்பு இல்லை. அது துணிச்சலான தடுப்பாட்டம், வலிக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கத்தும் பார்வையாளர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள்.

5. நேரத்தைத் தின்பது

முன்னால் இருக்கும் அணி 24 செக்கனில் 20 செக்கன் வரை பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்துவிட்டு எறிவது தந்திரம். கடிகாரம் இருக்கிறது, எதிரணி வந்து பந்தைப் பறிக்கலாம். ஆனால் இங்கே பல வெளிக்களங்களில் 24 செக்கன் கடிகாரமே இருக்காது. அப்போது என்ன என்பதை முதலாம் படியில் சொன்ன காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்: நடுவர் வாயால் எண்ணுவாரா, மேசையில் ஒருவர் கைத்தொலைபேசியில் பார்ப்பாரா, இல்லாவிட்டால் யாரும் எண்ணப் போவதில்லையா. எண்ண ஆள் இல்லாத களத்தில் கடைசி ஐந்து நிமிடமும் பந்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பது, யாராலும் தண்டிக்க முடியாது என்பதற்காகவே செய்வது. அதை நான் செய்யவிட மாட்டேன்.

இதில் நேரடியாக அளாப்பாகும் சில்லறைகள் பல: கூடைக்குள் விழுந்த பந்தைக் கையால் தட்டி ஓரமாக உருட்டிவிடுவது, உள்ளே எறிய வந்தவருக்கு முன்னால் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டுவது, களைப்பாற வேண்டும் என்பதற்காகச் சப்பாத்து நாடாவை அவிழ்த்துவிட்டுக் கட்டுவது. முதல் இரண்டுக்கும் எச்சரிக்கை, பிறகு டெக்னிக்கல்.

காயம் என்று நடித்து நேரம் வாங்கப் பார்ப்பவர்களுக்கும் விதி இருக்கிறது. 15 செக்கன் அளவுக்குள் தொடர்ந்து விளையாட முடியாவிட்டால், அல்லது சிகிச்சை செய்தால், அல்லது பெஞ்சிலிருந்து யாராவது உதவிக்குக் களத்துக்குள் வந்தால் அவரை மாற்றியே ஆகவேண்டும். உண்மையான காயம் என்றால் உங்கள் ஆட்கள் பதறி உள்ளே ஓடுவார்கள், ஓடட்டும். மாற்றீடு போனால் போகட்டும், ஆளின் முழங்கால்தான் முக்கியம்.

டைம் அவுட் கணக்கை ஒருவரிடம் பொறுப்பாகக் கொடுங்கள்: முதற்பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, ஆனால் நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. எதிரணி ஓட்டம் பிடித்திருக்கும்போது அதை உடைக்க டைம் அவுட் எடுப்பது முழு உரிமை, அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

6. வாய்

இதைச் சொல்லாமல் விட்டால் கொழும்பைப் பற்றி எழுதியதாகாது. இங்கே ஒரே களத்தில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஓடும். எங்களுக்குள் தமிழில் "இடது பக்கம் விடு, இவனுக்கு வலது கைதான்" என்று கத்திக்கொள்வது தந்திரம்தான், எதிரணியில் யாருக்காவது தமிழ் தெரிந்திருந்தால் அது அவர்களுடைய அதிர்ஷ்டம், பல தடவை தெரிந்தும் இருக்கும். எதிராளியை "இந்த ஷொட் விழாது பார்" என்று சீண்டுவது எல்லையில் நிற்பது, தொடர்ந்தால் நடுவர் டெக்னிக்கல் கொடுக்கலாம். மொழியை, மதத்தை, ஊரை, நிறத்தை, வீட்டுப் பெண்களை இழுத்து ஒரு சொல் வந்தால், எந்த மொழியில் வந்தாலும், உங்கள் ஆளாக இருந்தால் நீங்களே அவரை வெளியே எடுங்கள். நடுவருக்குக் காது கேட்டதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எங்கள் அணியில் இது எழுதப்பட்ட விதி, அந்த மெட்ச் முடியும்வரை அவர் பெஞ்சில்தான்.

ஃப்ரீ த்ரோ எறிபவரைக் களத்தில் நிற்கும் எதிரணி ஆட்கள் கத்தியோ கையை ஆட்டியோ குழப்பக் கூடாது. விழுந்தால் புள்ளி நிற்கும், விழாவிட்டால் இன்னொன்று எறியக் கொடுப்பார்கள். எதிராளியின் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்வையை மறைப்பதும் டெக்னிக்கல். எதிரணியின் ஆள்போலக் குரலை மாற்றி "மச்சான், பாஸ்!" என்று கேட்டுப் பந்தை வாங்குவதைச் சிலர் பெரிய கெட்டித்தனமாகச் சொல்வார்கள். நடுவர் கண்டும் காணாமல் விடலாம். நாங்கள் செய்வதில்லை.

பெஞ்சில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். அவர்கள் கத்திக் கிடைக்கும் டெக்னிக்கல் கோச்சின் பெயரில்தான் எழுதப்படும், சேர்ந்துகொண்டே போனால் கோச்தான் வெளியே போவார். அலுவலகத்திலிருந்து ஆதரவுக்கு வரும் நண்பர்களைப் பெஞ்சில் இருத்தாதீர்கள், மேலே கலரியில் இருத்துங்கள்.

7. பெரிய வித்தியாசத்தில் வெல்லும்போது

மூன்றாம் கால்பகுதியிலேயே 40 புள்ளி முன்னால். எதிரே பயிற்சியே இல்லாத ஒரு கணக்குப்பிரிவு அணி. முழுக்களத்தையும் நெருக்கிப் பந்தைப் பறித்துக்கொண்டே இருக்கலாமா? "புள்ளி வித்தியாசம் தேவைப்படும்" என்று சொல்லித்தான் எல்லோரும் தொடர்கிறார்கள். ஃபிபாவின் வரிசைப்படுத்தும் முறையை ஒரு தடவை வாசித்தால் இந்தச் சாட்டு பெரும்பாலும் நிற்காது. வெற்றிகள் சமமானால் முதலில் பார்ப்பது அந்தச் சமமான அணிகள் தங்களுக்குள் விளையாடிய மெட்ச்கள், பிறகு அந்த மெட்ச்களின் புள்ளி வித்தியாசம், பிறகு அவற்றில் போட்ட புள்ளிகள். அதற்கெல்லாம் பிறகுதான் முழுக் குழுவிலும் உள்ள வித்தியாசம். கடைசி இடத்து அணியை 70 புள்ளியால் அடித்தது உங்களுக்கு உதவ வேண்டுமானால் இத்தனையும் சமமாக வரவேண்டும். உங்கள் போட்டி வேறு முறை வைத்திருந்தால் அது எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

நெருக்குவதை நிறுத்தி, பெஞ்சில் உள்ளவர்களை இறக்கி, 24 செக்கனையும் எடுத்து எறியுங்கள். ஆனால் வேண்டுமென்றே தவறவிடுவது, சிரித்துக்கொண்டு பின்பக்கமாக எறிவது வேண்டாம். தோற்கும் அணிக்கு அதைவிட அவமானம் இல்லை.

அடுத்த சுற்றில் இலேசான அணி கிடைக்கும் என்று ஒரு மெட்ச்சைத் தோற்பது? தெரிந்தே சொந்தக் கூடையில் போட்டால் அது விதிமீறல், புள்ளி சேராது. அதற்கும் மேலே, பணத்துக்காக முடிவை மாற்றுவது இந்த நாட்டில் குற்றம், 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டு தொடர்பான குற்றங்களுக்கென்றே வந்தது. பத்தாயிரம் ரூபா பந்தயம் என்று யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

8. அநியாயம் நடந்துவிட்டால்: முறைப்பாடு

இங்கே நேரம்தான் எல்லாம். மெட்ச் முடிந்து 15 நிமிடத்துக்குள் அணித்தலைவர் பிரதான நடுவரிடம் சொல்லி, புள்ளித்தாளில் முறைப்பாட்டுக்கென்று உள்ள இடத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். காரணங்களை எழுத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை மெட்ச்சுக்குத் திங்கட்கிழமை கம்பனிக் கடிதத்தலைப்பில் அழகாக அச்சடித்துக்கொண்டு போன ஒரு அணியை எனக்குத் தெரியும். வாசிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே ஒரு வெள்ளைத்தாள் கட்டும் இரண்டு பேனையும் பந்துப் பையிலேயே இருக்கட்டும். அணித்தலைவர் குளிக்கப் போகமுன் முடிவெடுங்கள்.

எதற்கு முறைப்பாடு செய்யலாம் என்பதும் முக்கியம். புள்ளி எழுதியதில், நேரம் பார்த்ததில், 24 செக்கன் கடிகாரத்தில் பிழை நடந்து அதை நடுவர்கள் திருத்தாமல் விட்டால் செய்யலாம். தகுதியில்லாத ஆளை இறக்கினால் செய்யலாம். மெட்ச்சை ஒத்திவைத்தது, ரத்துச் செய்தது, வராததற்குத் தோல்வி கொடுத்தது போன்ற முடிவுகளுக்கும் செய்யலாம். "அது ஃபவுல் இல்லை" என்பதற்குச் செய்ய முடியாது. நடுவரின் பார்வை நடுவருடையது, அதற்குப் பணம் கட்டி மனதைப் புண்ணாக்காதீர்கள்.

செலவு: ஃபிபா நடத்தும் போட்டிகளில் முறைப்பாடு நிராகரிக்கப்பட்டால் 1,500 சுவிஸ் பிராங் கட்டவேண்டும். உள்ளூர்ப் போட்டிகள் தங்களுக்கென்று ஒரு தொகை வைத்திருக்கும், பெரும்பாலும் காசாக, அந்த இடத்திலேயே கேட்பார்கள். எவ்வளவு என்று முதலே கேட்டு, மனேஜர் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோகவேண்டும். இரவு எட்டு மணிக்கு ஏ.டி.எம். தேடி ஓடினால் அந்த ஒரு மணித்தியாலம் போய்விடும்.

வெல்லும்போது தேவையில்லாத முறைப்பாட்டையும், தோற்றுப்போன ஆத்திரத்தில் தகுதி பற்றிய பொய்யான முறைப்பாட்டையும் அளாப்பிலேயே சேர்ப்பேன். எதிரணியின் ஆள் தகுதியில்லாதவர் என்று முதலாம் சுற்றிலேயே தெரிந்தும், அவர்கள் இறுதிக்கு வரட்டும் என்று காத்திருந்து அன்றைக்குக் காகிதத்தை நீட்டுவது மிகவும் கெட்ட பழக்கம். தெரிந்த அன்றே சொல்லுங்கள்.

9. அணிக்குள் ஒரு பக்க உடன்படிக்கை

பயிற்சி தொடங்கும் முதல் கிழமையிலேயே எழுதுங்கள், மெட்ச்சின் சூட்டில் எழுத முடியாது. ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். எங்களுடையதில் இருப்பவை: பந்தைப் பார்க்காமல் ஆளைப் பிடிக்க மாட்டோம். விழுந்து நடிக்க மாட்டோம். இனம், மதம், மொழி, குடும்பம் பற்றி வாய் திறந்தால் அந்த மெட்ச் பெஞ்ச். 30 புள்ளிக்கு மேல் முன்னால் போனால் முழுக்கள நெருக்குதல் இல்லை. நடுவரோடு பேசுவது அணித்தலைவர் மட்டும், "சேர்" என்று தொடங்கி, கேள்வியாக. கடைசி நிமிட ஃபவுல், நேரத்தை எடுத்து விளையாடுவது, எதிரணியின் பலவீனமான ஆள் நிற்கும் பக்கத்தைத் தேடி விளையாடுவது, முன்பு காட்டாத தடுப்பாட்டத்தைக் கடைசிக் கால்பகுதியில் இறக்குவது, இவையெல்லாம் செய்வோம், வெட்கப்பட மாட்டோம்.

இந்தக் கடைசி வரியை எழுத மறக்காதீர்கள். தடைகளை மட்டும் எழுதினால் பொடியன்கள் நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு தோற்பார்கள், நாலு மெட்ச்சில் அந்தத் தாள் குப்பைக்குள் போய்விடும். மூளையைப் பாவித்து வெல்ல அனுமதி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றதைக் கைவிடுவார்கள்.

எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாளைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள், ஒன்றை அடையாள அட்டைப் பிரதிகள் உள்ள அதே கோப்பில் வையுங்கள். மெட்ச் முடிந்ததும் புள்ளித்தாளின் உங்கள் பிரதியைக் கேட்டு வாங்கி அதற்குப் பின்னால் செருகுங்கள். ஃபிபா முறைப்படி வென்றவர்களுக்கு இளஞ்சிவப்புத் தாள், தோற்றவர்களுக்கு மஞ்சள். கார்பன் பிரதி இல்லாத போட்டி என்றால் மேசையில் அனுமதி கேட்டுத் தொலைபேசியில் படம் எடுங்கள், நான்கு மூலையும் தெரிய, ஃபவுல் பத்தி வாசிக்கக்கூடியதாக.